பல் இடைவெளியும் ரப்பர்ப் பாலும்



பற்களுக்கிடையே விழும் இடைவெளியை அடைக்க மனிதன் எவ்வெவ் வழிகளைக் கையாண்டான் என்னும் வரலாறே நம் இன்றைய பேச்சு. இது பல் மருத்துவர் பேச வேண்டிய பொருளாயிற்றே, தோட்டப் பள்ளி ஆசிரியருக்கு இதில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். கேட்பது நியாயமே. காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறோம்.

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் நம் பள்ளியில் மூன்றாம் ஆண்டில் ஒரு மாணவி பயின்றாள். கெட்டிக்காரி. ஆனால் வாசிப்பு நேரத்தில் இடக்கையால் வாயை மூடிக்கொண்டே வாசிப்பாள். மேல்வரிசை முன்பற்கள் இரண்டுக்கும் நடுவே ஓர் அரிசி நுழையும் அளவுக்குச் சந்து இருந்தது. பிள்ளைகள் கேலி செய்தார்கள். ஒரு தவணை விடுமுறை முடிந்து வந்தபோது அந்தச் சந்து ஏறத்தாழ மூடியிருந்தது; கையும் வாயை விட்டு இறங்கியிருந்தது. நாமும் மகிழ்ந்தோம் என்பதை மறைப்பதற்கில்லை. எப்படி மூடியது என்று மட்டும் நாம் கேட்கவில்லை.

மூன்று நான்கு மாதங்களில் அந்த இரு பற்களும் மற்றவற்றைவிட நீண்டு தொங்கத் தொடங்கின. ஈறு வீங்கி இரத்தம் கசிந்தது. தாயார் பட்டணத்துப் பல் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார். நாமும் உடன் சென்றோம். மருத்துவர் பல்லைத் தொட்டு ஆட்டிப் பார்த்துவிட்டுக் கேட்ட முதற் கேள்வி, “பல்லில் ரப்பர் மாட்டினாயா?” என்பதுதான். அவள் தலையசைத்தாள். பின்னல் நுனியில் கட்டும் சின்னஞ்சிறு ரப்பர் வளையம். பெரியம்மா மகள் சொல்லிக் கொடுத்ததாம். இரவில் மாட்டுவாள், காலையில் கழற்றுவாள். ஒரு நாள் காலையில் வளையத்தைக் காணவில்லை. தூக்கத்தில் விழுங்கிவிட்டதாக நினைத்துக்கொண்டாள். அதுவோ ஈற்றுக்குள் ஏறி உட்கார்ந்திருந்தது.

பல்லின் உருவத்தை எண்ணிப் பார்த்தால் இதன் காரணம் விளங்கும். வெளியே தெரியும் பகுதி அகலமானது. ஈற்றுக்குள் புதைந்துள்ள வேர் கூம்பு போல ஒடுங்கிக்கொண்டே போவது. ரப்பர் சுருங்க விரும்பும் பொருள். எனவே அகலமான இடத்திலிருந்து ஒடுங்கிய இடத்திற்கு வழுக்கிச் செல்கிறது. போகும் வழியெல்லாம் பல்லைப் பிடித்து நிறுத்தும் நாரையும் எலும்பையும் அரித்துக்கொண்டே போகிறது. எக்ஸ்ரே படத்திலும் அது எளிதில் தெரிவதில்லை. நோயற்ற வாயில் இரு பற்கள் மட்டும் ஆடுவதைக் கண்டுதான் மருத்துவர் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

அந்தப் பிள்ளையின் தாத்தாவும் பாட்டியும் பால்மரம் வெட்டிப் பிழைத்தவர்கள். அதனாலோ என்னவோ, வீடு திரும்பும் வழியெல்லாம் ரப்பருக்கும் பல்லுக்கும் உள்ள உறவைப் பற்றியே நாம் எண்ணிக்கொண்டு வந்தோம். பிறகு நூல்களைத் தேடிப் படித்தபோது, அவ்வுறவு நாம் நினைத்ததைவிட மிகப் பழையது என்று தெரிந்தது.

பல் இடைவெளி இரு வகை. பல் இருந்தும் நெருங்கி நில்லாமையால் விழும் சந்து ஒன்று. பல்லே விழுந்துபோனதால் உண்டாகும் வெற்றிடம் மற்றொன்று. முன்னதை உலகம் எங்கும் குறையாகக் கருதிற்று என்று சொல்ல முடியாது. முன்பற்களிடையே சந்து இருந்தால் அதிர்ஷ்டம் என்று நம் பாட்டிமார் சொல்வார்கள். பிரெஞ்சுக்காரரும் அதனை நற்பேற்றுப் பற்கள் என்றே அழைக்கின்றனர். நைஜீரிய நாட்டில் அது அழகின் அடையாளம். இல்லாதவர்கள் செயற்கையாக உண்டாக்கிக்கொள்வதும் உண்டு. பல்லே இல்லாத வெற்றிடத்தை மட்டும் அழகென்று கொண்டாடியவர் மிக அரிது.

அவ்வெற்றிடத்தை அடைத்த மிகப் பழைய கைவினைஞர்களுள் இத்தாலி நாட்டின் எட்ருஸ்கர்கள் குறிப்பிடத்தக்கவர்கள். கி.மு. 7-ஆம் நூற்றாண்டு தொடங்கி, மெல்லிய தங்கப் பட்டையைப் பற்களைச் சுற்றி வளைத்து, நடுவே மாற்றுப் பல்லைப் பொருத்தினார்கள். அவர்களுடைய கல்லறைகளில் இவை கிடைத்துள்ளன. அணிந்தவர்கள் பெரும்பாலும் செல்வக் குடும்பத்துப் பெண்கள் என்று ஆய்ந்தோர் கருதுகின்றனர். ரோமாபுரியில் கி.மு. 450-ஐ ஒட்டி எழுதப்பட்ட பன்னிரு பலகைச் சட்டம், பிணத்தோடு தங்கத்தைப் புதைக்கலாகாது என்று தடுத்துவிட்டு, பற்களைக் கட்டிய தங்கத்திற்கு மட்டும் விலக்கு அளித்தது. இறந்தவர் வாயைப் பிளந்து பிடுங்க வேண்டாம் என்ற இரக்கம் போலும். மலாயாவிலும் ஒரு காலத்தில் முன்பல்லில் தங்கம் கட்டிக்கொள்வது வசதியின் அடையாளமாக இருந்தது நம் பெரியோர்க்கு நினைவிருக்கும்.

பல்லை நகர்த்தலாம் என்னும் எண்ணமும் பழையதே. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த செல்சஸ் என்னும் ரோமானியர், பாற்பல் விழுமுன் புதுப்பல் முளைத்துவிட்டால், பாற்பல்லை எடுத்துவிட்டுப் புதுப்பல்லை அதன் இடம் சேரும்வரை நாள்தோறும் விரலால் தள்ளி வர வேண்டும் என்று எழுதினார். மெல்லத் தள்ளு, நாள்தோறும் தள்ளு என்னும் அவ்விரு குறிப்புகளும் இன்றைய அறிவியலுக்கும் ஒத்து வருகின்றன.

நெடுங்காலத்திற்குப் பின் பாரிஸ் நகரத்துப் பியேர் ஃபோஷார் 1728-ஆம் ஆண்டில் இரு தொகுதிகளாகப் பல் மருத்துவ நூலை வெளியிட்டார். துளைகளிட்ட குதிரை லாட வடிவத் தகட்டைப் பற்களோடு நூலால் கட்டி வரிசையைச் சீராக்கும் முறையை அதில் விளக்கினார். கம்பி கட்டும் இன்றைய மருத்துவத்தின் பாட்டன் அந்தத் தகடுதான்.

18-ஆம் நூற்றாண்டின் மற்றொரு வழியைச் சொல்ல நமக்குக் கூச்சமாக இருக்கிறது. செல்வர் வாயில் பல் போனால், ஏழையின் வாயிலிருந்து பிடுங்கி அந்தச் சூடு ஆறுமுன் நட்டார்கள். 1771-இல் பற்களைப் பற்றிய பெருநூல் எழுதிய ஜான் ஹண்டர் என்னும் புகழ்பெற்ற ஸ்காட்லாந்து அறுவை மருத்துவரே இம்முறையை ஆதரித்தார். 1787-இல் தாமஸ் ரோலண்ட்சன் வரைந்த கேலிச் சித்திரம் ஒன்றில், புகைபோக்கி துடைக்கும் சிறுவனின் பல் சீமாட்டிக்காகப் பிடுங்கப்படுகிறது. நட்ட பல் நெடுநாள் நிற்கவில்லை. அதன்வழி நோயும் தொற்றிற்று. பின்னர் அம்முறை வழக்கொழிந்தது.

அமெரிக்காவின் முதல் அதிபர் ஜார்ஜ் வாஷிங்டன் 1789-இல் பதவி ஏற்றபோது அவர் வாயில் ஒரே ஒரு சொந்தப் பல்தான் இருந்தது. நீர்யானைத் தந்தத்தில் செதுக்கிய செயற்கைப் பல்வரிசையைக் கட்டியிருந்தார். அவருடைய பண்ணைக் கணக்கேட்டில் 1784-ஆம் ஆண்டு மே மாதத்தில் ஒரு பதிவு இருக்கிறது. ஒன்பது பற்களுக்காகக் கறுப்பின மக்களுக்கு ஆறு பவுன் இரண்டு ஷில்லிங் கொடுக்கப்பட்டதாக அது கூறுகிறது. அவர்கள் பண்ணையில் அடிமைகளாக உழைத்தவர்கள். தோட்டத்துச் செக்ரோல் பார்த்து வளர்ந்த நமக்கு அந்த ஒற்றை வரியைக் கடந்து போக இயலவில்லை. வரவு செலவுப் பத்தியில் மாட்டுத் தீவனத்தைப் போல மனிதரின் பல்லும் எழுதப்பட்டிருக்கிறது.

1815-இல் வாட்டர்லூ போர் முடிந்த களத்தில் இறந்து கிடந்த இளம் வீரர்களின் பற்களும் பிடுங்கி விற்கப்பட்டன. அத்தகைய பற்களுக்கு வாட்டர்லூ பற்கள் என்றே பெயர் வழங்கிற்று. இதற்கிடையில் 1774-ஐ ஒட்டிப் பிரான்சில் பீங்கான் பற்கள் செய்ய முனைந்தார்கள். 1808-இல் ஃபோன்சி என்பவர் ஒவ்வொரு பல்லாகப் பீங்கானில் செய்து காட்டினார். பல் கிடைத்துவிட்டது. அதை உட்கார வைக்க அடித்தகடுதான் இல்லை. தந்தம் எச்சிலில் ஊறி அழுகி நாறும். தங்கமோ எல்லார்க்கும் எட்டாது.

இங்கேதான் ரப்பர் வருகிறது.

1839-இல் அமெரிக்கரான சார்லஸ் குட்இயர், ரப்பரைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடேற்றினால் வெயிலில் உருகாமலும் குளிரில் வெடிக்காமலும் உறுதிப்படுவதைக் கண்டார். கந்தகத்தை மிகுதியாகச் சேர்த்தால் அது கொம்பு போல இறுகிவிடும். இந்தக் கெட்டி ரப்பருக்கு அவருடைய தம்பி நெல்சன் குட்இயர் 1851-இல் காப்புரிமை பெற்றார். வல்கனைட் என்னும் இந்தப் பொருளைப் பல் மருத்துவர் உடனே பற்றிக்கொண்டனர். நோயாளியின் ஈற்றை அச்செடுத்து, அந்த அச்சில் மெல்லிய ரப்பரைத் திணித்து, சிறு கொதிகலனில் ஏறத்தாழ 160 டிகிரி செல்சியஸ் நீராவியில் வேகவைத்தார்கள். ஈற்றோடு படிந்து உட்காரும் தகடு கிடைத்தது. சில வேளைகளில் கொதிகலன் வெடித்ததும் உண்டு. நிறம் மங்கிய பழுப்பு. செந்நிறம் ஏற்றப் பாதரசச் சேர்மத்தைக் கலந்தார்கள். அழகு போதாதுதான். ஆயினும் விலை மலிவு.

காலமும் பொருந்தி வந்தது. 1846-இல் ஈதர் மயக்க மருந்து வழக்கிற்கு வந்ததால் வலியின்றிப் பல் பிடுங்கலாம் என்றாயிற்று. பிடுங்கியவர் பெருகினர், கட்ட வேண்டியவரும் பெருகினர். கைவினைஞரும் கடைக்காரரும் முதன்முறையாகப் பல் கட்டிக்கொள்ள முடிந்தது ரப்பரால்தான்.

ஆனால் அந்த ரப்பரையும் ஒரு நிறுவனம் கையில் பிடித்துக்கொண்டது. குட்இயர் டென்டல் வல்கனைட் கம்பெனி 1864-இல் பெற்ற காப்புரிமையைக் காட்டி, அமெரிக்கப் பல் மருத்துவர் ஒவ்வொருவரிடமும் உரிமக் கட்டணம் கேட்டது. கட்ட மறுத்தவரை நீதிமன்றத்திற்கு இழுத்தது. அதன் பொருளாளர் ஜோசையா பேக்கன் ஊர் ஊராகச் சென்று வழக்குத் தொடுத்தார். 1879-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் சான் பிரான்சிஸ்கோ விடுதி ஒன்றில் சாமுவேல் சால்ஃபன்ட் என்னும் பல் மருத்துவர் அவரைச் சுட்டுக் கொன்றார். 1881-இல் காப்புரிமை காலாவதியாயிற்று. பிறகு வல்கனைட் பல்செட்டு தடையின்றிப் பரவிற்று.

அந்நாளைய ரப்பர் பிரேசில் காட்டு மரங்களின் பால். 1876-இல் ஹென்றி விக்காம் பிரேசிலிலிருந்து ஏறத்தாழ 70,000 விதைகளை லண்டன் கியூ தோட்டத்திற்குக் கொண்டுவந்தார். அவற்றில் முளைத்த நாற்றுகளில் 22 மட்டும் 1877-இல் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. சில கோலகங்சாரில் நடப்பட்டன. 1888-இல் சிங்கப்பூர்ப் பூங்காவின் பொறுப்பேற்ற ரிட்லி, மரத்தைக் கொல்லாமல் பட்டையை மட்டும் சீவிப் பால் எடுக்கும் முறையை வகுத்தார். அதன்பின் நடந்தது நம் கதை. கங்காணிமார் வழியாகத் தமிழ்நாட்டு ஊர்களிலிருந்து ஆயிரமாயிரம் பேர் வந்தனர். முதல் உலகப் போர் தொடங்கிய காலத்தில் தோட்ட ரப்பர் காட்டு ரப்பரை விஞ்சியது. உலக ரப்பரில் ஏறத்தாழப் பாதியை மலாயா கொடுத்த காலமும் இருந்தது. வல்கனைட் பல்செட்டு 1930-களின் இறுதிவரை உலகெங்கும் வழக்கில் இருந்தது. அதிகாலை இருட்டில் பெரட்டுக்கு நின்று, முன்நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரம் வெட்டியவர்களுக்கு, மங்கில் வடிந்த பால் எந்த நாட்டில் எதுவாக மாறியது என்று யாரும் சொல்லவில்லை. அவர்களுக்கோ பல் வலித்தால் கிராம்பு, வலி மிஞ்சினால் பிடுங்கல். வெற்றிடம் வெற்றிடமாகவே இருந்தது. வெற்றிலையை உரலில் இடித்துப் போட்டுக்கொண்டார்கள்.

1930-களின் பிற்பகுதியில் அக்ரிலிக் என்னும் செயற்கைப் பொருள் வந்து வல்கனைட்டை ஓரங்கட்டியது. ஈற்றின் இளஞ்சிவப்பு நிறத்தை அதில் எளிதாகக் கொண்டுவர முடிந்தது. இன்று நாம் பார்க்கும் பிளேட்டுகள் பெரும்பாலும் அக்ரிலிக்கே.

இனி, பல் இருந்தும் விலகி நிற்கும் சந்துக்கு வருவோம். இதிலும் ரப்பர் உண்டு. 1850-ஐ ஒட்டி டக்கர் என்னும் அமெரிக்கப் பல் மருத்துவர், ரப்பர்க் குழாயைக் குறுக்கே நறுக்கிச் சிறு வளையங்களாக்கிப் பல்லை இழுக்கப் பயன்படுத்தினார். இன்றும் கம்பி கட்டியவர்கள் வாயில் அவ்வளையங்களைக் காணலாம். அப்படியானால் நம் மாணவி செய்ததில் என்ன தவறு என்று கேட்பீர்கள். மருத்துவர் வளையத்தைப் பல்லில் நேரே மாட்டுவதில்லை. பல்லில் இறுகப் பொருத்திய கொக்கியில் மாட்டுகிறார். கொக்கி வளையத்தைப் பிடித்து நிறுத்துவதால் அது ஈற்றை நோக்கி ஏற வழியில்லை. அந்தக் கொக்கிதான் வேறுபாடு முழுவதும்.

பல் ஏன் நகர்கிறது என்பதை 1904-ஐ ஒட்டிச் சுவீடன் நாட்டுச் சான்ட்ஸ்டெட் நாய்களின் பற்களைக் கொண்டு ஆராய்ந்து காட்டினார். மெல்லிய அழுத்தம் விழும் பக்கத்தில் எலும்பு கரைகிறது. எதிர்ப் பக்கத்தில் புது எலும்பு வளர்கிறது. ஆகவே பல் எலும்பைக் கிழித்துக்கொண்டு போவதில்லை. எலும்புதான் அதற்கு வழிவிட்டு நகர்கிறது. மாதத்திற்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் என்பது இயல்பான வேகம். அவசரப்பட்டால் வேர் கெடும். இதே காலத்தில் அமெரிக்காவின் எட்வர்ட் ஆங்கிள், பல் வரிசைக் கோளாறுகளை 1899-இல் வகைப்படுத்தி, இத்துறையைத் தனிப் படிப்பாக்கினார். வளைந்த வாயில் ஒவ்வொரு பல்லையும் மூன்று திசைகளிலும் கட்டுப்படுத்தும் கம்பி முறையை 1920-களில் அவர் வகுத்தார். இன்றைய கம்பிகள் பலவும் அதன் வழிவந்தவையே.

இப்போது பெற்றோர் கூர்ந்து கேட்க வேண்டிய செய்தி. அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரத்து பிராட்பென்ட் என்பவர், வளரும் பிள்ளைகளின் முகத்தை ஆண்டுதோறும் ஒரே நிலையில் எக்ஸ்ரே எடுத்து ஒப்பிட்டார். 1937-இல் அவர் வெளியிட்ட கருத்து இது. ஏழு எட்டு வயதில் முன்பற்கள் முளைத்தபின், மேலே தாடைக்குள் இறங்கி வரும் கோரைப்பற்கள் முன்பல் வேர்களை நெருக்குகின்றன. அதனால் முன்பற்கள் விசிறி போல விரிந்து நடுவே சந்து விழுகிறது. பதினோரு பன்னிரண்டு வயதில் கோரைப்பல் வெளியே வந்ததும் பெரும்பாலும் அச்சந்து தானே மூடிக்கொள்கிறது. அழகற்ற வாத்துக்குஞ்சுப் பருவம் என்று அவர் அதற்குப் பெயரிட்டார். நம் மாணவிக்கு அப்போது வயது ஒன்பது.

எல்லாச் சந்தும் தானே மூடும் என்று நாம் சொல்லவில்லை. மேலுதட்டையும் ஈற்றையும் இணைக்கும் நார் தடித்திருந்தாலோ, பக்கத்துப் பல் பிறவியிலேயே இல்லாதிருந்தாலோ, நடுவே கூடுதல் பல் ஒன்று எலும்புக்குள் மறைந்திருந்தாலோ, விரல் சூப்பும் பழக்கத்தாலோ சந்து நிலைத்துவிடும். பெரியவர்களுக்குப் புதிதாகச் சந்து விழுந்தால் ஈறு நோயை ஐயுற வேண்டும். எது என்று கண்டறிவது மருத்துவர் வேலை. நம் வேலை அன்று.

மூடும் வழிகளோ பெருகிவிட்டன. 1955-இல் நியூயார்க் மாநிலத்து புவோனோகோர், வண்ணப்பூச்சு ஒட்டுவதற்காக உலோகத்தை அமிலத்தால் தேய்க்கும் தொழிற்சாலை வழக்கத்தைக் கண்டு, பல்லின் மேற்பரப்பைப் பாஸ்பாரிக் அமிலத்தால் சற்றே சொரசொரப்பாக்கினால் பசை பிடிக்கும் என்று கண்டார். 1962-இல் போவன் பிசினொன்றுக்குக் காப்புரிமை பெற்றார். இவ்விரண்டும் சேர்ந்ததால் பல்லின் நிறத்திலேயே பிசின் பூசி, சிறு சந்தை ஒரே அமர்வில், பல்லை அராவாமலே மூட முடிந்தது. கம்பிக்கான கொக்கிகளையும் பட்டையில்லாமல் நேரே ஒட்ட முடிந்தது. 1990-களின் இறுதியில் வெளியே தெரியாத ஒளிபுகும் தகடுகள் வந்தன. எவ்வழியில் பல்லை நகர்த்தி மூடினாலும், மீண்டும் விலகாதிருக்க உட்புறத்தில் மெல்லிய கம்பியோ இரவுத் தகடோ வேண்டும். அதை அலட்சியம் செய்து, செலவழித்த பணம் வீணானவர்களை நாம் அறிவோம்.

பல்லே போன இடத்திற்குச் சுவீடனின் பிரானமார்க் புதுவழி திறந்தார். 1952-இல் முயல் எலும்பில் வைத்த டைட்டேனியக் கருவியைத் திரும்ப எடுக்க முடியவில்லை. எலும்பு அதனோடு ஒன்றிவிட்டிருந்தது. 1965-இல் மனிதத் தாடையில் டைட்டேனிய வேர்களை நட்டார். 1982-இல் கனடாவின் டொராண்டோ மாநாட்டிற்குப் பிறகே உலகம் அதை ஏற்றது. ஆனால் வளரும் பிள்ளைக்கு அதை வைக்கலாகாது. தாடை வளர வளர மற்றப் பற்கள் இறங்கி வரும். நட்ட வேர் நின்ற இடத்திலேயே நிற்கும்.

நம் நாட்டுப் பக்கம் பார்த்தால், 1929-இல் சிங்கப்பூர் ஏழாம் எட்வர்ட் மருத்துவக் கல்லூரியில் பல் மருத்துவப் பிரிவு தொடங்கிற்று. நியூசிலாந்தைப் பின்பற்றி 1949-இல் பினாங்கில் பள்ளிப் பல் தாதியர் பயிற்சி தொடங்கியது. பள்ளிக்கே வந்து பிள்ளைகளின் வாயைப் பார்க்கும் வழக்கம் அதிலிருந்து வளர்ந்ததே. கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் 1972-இல் பல் மருத்துவத் துறை ஏற்பட்டது. இன்று குறை மருத்துவரின்மை அன்று. கைபேசியில் பார்த்து வளையம் மாட்டிக்கொள்வதும், உரிமமில்லாதவர்களிடம் மலிவு விலைப் போலிக் கம்பி போட்டுக்கொள்வதுமே. அத்தகையோர் நீதிமன்றத்தில் அபராதம் கட்டிய செய்திகளை நாளேடுகளில் கண்டிருப்பீர்கள்.

நம் மாணவிக்கு என்ன ஆயிற்று? ஈற்றைச் சற்றுக் கீறி வளையத்தை எடுத்தார்கள். ஆடிய இரு பற்களையும் பக்கத்துப் பற்களோடு கம்பியால் பிணைத்துப் பல மாதம் வைத்தார்கள். ஒன்று நின்றது. மற்றொன்று ஆறாம் மாதத்தில் போயிற்று. “பொம்பளப் புள்ளயாச்சே சார், முன்பல்லாப் போயிருச்சே” என்று தாயார் மருத்துவமனை வாசலில் உட்கார்ந்துவிட்டார். அக்ரிலிக் பிளேட் செய்து கொடுத்தார்கள். தாடை வளர வளர அதை மூன்று முறை மாற்ற வேண்டியிருந்தது. அவளோடு பயின்று, அவளைப் போலவே சந்து விழுந்திருந்த மற்ற இரு பிள்ளைகளுக்கும் படிவம் ஒன்றுக்குப் போகுமுன் அது தானே மூடிவிட்டது.

வளர்ச்சி நின்றபின் டைட்டேனிய வேர் வைக்கலாமா என்று கேட்டார்கள். வளையம் அரித்த இடத்தில் எலும்பு போதவில்லை. எலும்பு ஒட்டு வைத்த பிறகுதான் முடியும் என்றார் மருத்துவர். அந்தச் செலவு அக்குடும்பத்திற்குத் தாங்காது. சென்ற ஆண்டு, பக்கத்துப் பல்லின் பின்புறத்தில் மெல்லிய உலோகச் சிறகால் ஒட்டிவைக்கும் பாலப் பல் ஒன்றைப் பொருத்திக்கொண்டாள். 1970-களில் தோன்றிய முறை அது. அமிலத்தால் தேய்த்து ஒட்டும் அதே நுட்பம்தான் அதைத் தாங்கி நிற்கிறது. இப்போது தைப்பிங்கில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறாள்.

மருத்துவர் எடுத்த அந்த வளையத்தைச் சிறு குப்பியில் இட்டு நம்மிடம் கொடுத்திருந்தார். நிறம் கறுத்து, நூல் போல் மெலிந்து போயிற்று. ஆண்டுதோறும் மூன்றாம் ஆண்டு வகுப்பில், அந்தப் பிள்ளையின் பெயரைச் சொல்லாமல், அதை எடுத்துக் காட்டுகிறோம்.